வாரம் ஒரு கைது

ஊரில் திருட்டு நடந்து ஒன்பது வருஷமாகிறது. ஆனாலும் ஜனங்களின் பயம் மட்டும் குறையவில்லை. யாராவது பிடிபட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. அதற்காகவே போலீஸ் ஸ்டேஷனில் இளமாறனை ரகசியமாக வேலைக்கு வைத்திருந்தார்கள். வாரம் ஒரு வேஷத்தில், கையில் விலங்கோடு, தலையைக் குனிந்தபடி கடைத்தெருவில் நடக்க வேண்டும். டிவியிலும் காட்டுவார்கள்.

இந்த வாரக் கைது முடிந்து ஒட்டுமீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மனைவி சுகந்தி போன் செய்தாள்.

"டிவில பாத்தேங்க. அந்த முறுக்கு மீசை உங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"சாப்ட்டியா?"

"ம். வரும்போது பெரிய பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நம்ம ஏரியாவுலயே திருடன் சுத்தியிருக்கான், பயமா இருக்கு."

இளமாறன் கொஞ்சம் யோசித்தான்.

"ஒண்ணு போதுமா?" என்றான்.