வண்டிக்கு முன்னால் கட்டியது

திருமங்கலம் தாண்டியதும் வண்டி மறுபடியும் கொதித்தது.

முத்திருளன் மாமா ஓரங்கட்டி நிறுத்தி, பழைய அம்பாசிடரின் பானட்டைத் தூக்கினார். வெள்ளைப் புகை அவருடைய பட்டுச் சட்டைமேல் ஏறியது. பின்சீட்டில் தம்பி என் மடியில் அழுதுகொண்டிருந்தான். சீர்த் தட்டுகள் எல்லாம் எங்கள் காலடியில். சூட்டில் வாழைப்பழம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் குலசாமி கோவிலில் தம்பிக்குக் காதுகுத்து. நல்ல நேரம் முடிவதற்குள் அவன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும்.

அந்தத் தாய்மாமன் ரோட்டோரத்தில் நின்று ரேடியேட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து மேலூர்ல இருந்து நல்லாத்தான வந்த. இன்னைக்கு என்ன கேடு ஒனக்கு?"

வந்ததுதான். நேற்று வண்டிக்கு முன்னால் ஃபிளெக்ஸ் இல்லை.

இன்று காலையில்தான் எங்கள் வீட்டு வாசலில் வைத்து மாமா அதைக் கட்டினார். அவரே மேலூரில் அடித்துக் கொண்டுவந்த காதணி விழா ஃபிளெக்ஸ். ஒரு ஹெட்லைட்டிலிருந்து இன்னொரு ஹெட்லைட் வரைக்கும், காற்று நுழைகிற கம்பி வரிசையே தெரியாமல், நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காற்றுப் போகாத ரேடியேட்டர் கொதிக்கத்தான் செய்யும். முதல் தடவை கொதித்த கப்பலூரிலேயே எனக்கு இது புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தபோது தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

அக்கா கல்யாணத்தில் மண்டப வாசலில் நாங்கள் வைத்த ஃபிளெக்ஸில் மாமாவின் படம் விட்டுப்போனது. கடைக்காரன் செய்த தப்பு. மாமா சீர்த் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் பார்த்தால்கூட ஆளுக்கொரு பந்தியில் சாப்பிட்டார்கள். தம்பி பிறந்து, அம்மா வெற்றிலை பாக்கோடு மேலூரில் மாமா வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் இன்றைக்கு இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் ஆசையாகக் கட்டிய ஃபிளெக்ஸை அவிழ்த்துப் போடுங்கள் என்று யார் சொல்வது?

அதனால் வேறு எல்லாவற்றையும் பழுது பார்த்தோம்.

பைக்கில் போன ஒருவர் நின்று, ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்றார். ஓட்டையே இல்லை. ஆனாலும் மாமா சீர்த் தட்டிலிருந்த மஞ்சளை எடுத்துக் கொட்டினார். அதன் பிறகு வந்த புகையில் குழம்பு வாசனை அடித்தது.

ஊர்ந்து ஊர்ந்து ஒரு ஷெட்டைப் பிடித்தோம். மெக்கானிக் சூரியபிரகாஷ் மூடிமேல் ஈரச் சாக்கைப் போட்டுத் திறந்து, தண்ணீர் ஊற்றினார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பம்ப்பில் கசிவு இல்லை. பானட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டால் சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. மூடிக்கொண்டு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தால் சிவப்பில் நின்றது.

"யாருண்ணே இதுல மஞ்சத்தூளப் போட்டது? ரசமா வைக்கிறீங்க?"

மாமா வேறு பக்கம் பார்த்தார்.

மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் வந்தார். குனிந்தார். ஃபிளெக்ஸை விரலால் சுண்டினார்.

"அண்ணே, நோவு இங்க இருக்கு. இத..."

"தம்பி, அந்தப் பெல்ட்டப் பாருப்பா" என்றாள் அம்மா.

"பெல்ட்டெல்லாம் பாத்தாச்சுக்கா."

"இன்னொருக்காப் பாத்தா கொறஞ்சா போயிருவ?"

அவர் ஃபிளெக்ஸைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். மறுபடியும் போய்ப் பெல்ட்டைப் பார்த்தார்.

கோவிலிலிருந்து அப்பா போன் செய்தார். காது குத்த வந்த ஆசாரிக்கு உசிலம்பட்டியில் இன்னொரு காதுகுத்து இருக்கிறதாம். பையைத் தூக்கிவிட்டாராம். "அம்புட்டுச் சனமும் ஒக்காந்திருக்கு, எங்கதான் இருக்கீங்க?" என்று அப்பா கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

நேராக முன்பக்கம் போனாள். நைலான் முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்தாள்.

தண்ணீர் டிரம் பக்கம் நின்ற மாமா திரும்பிப் பார்த்தார்.

போச்சு என்று நினைத்தேன். இனி இவர் வண்டியையும் இங்கேயே போட்டுவிட்டு மேலூருக்குப் பஸ் ஏறிவிடுவார். தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாமா வந்தார். அந்தப் பக்கத்து முடிச்சில் கை வைத்தார்.

"எனக்குத் திருமங்கலத்துலயே சந்தேகந்தேன். அவுத்தா நீ எதாச்சும் நெனைப்பியேன்னு பேசாம வந்தேன்."

அம்மா ஃபிளெக்ஸை உருவி, புடவையை மடிப்பதுபோல் நாலாக மடிக்கப் போனாள்.

"மடிக்காதத்தா. சுருட்டு. ஒம் மூஞ்சில கோடு விழுந்துரும்."

அம்மா அதை ஷெட்டு பெஞ்சில் விரித்து ஓரத்திலிருந்து சுருட்டினாள். முதலில் தம்பியின் மொட்டைத் தலை உள்ளே போனது. பிறகு அம்மாவின் மூக்குத்தி. பிறகு அம்மாவின் சிரிப்பு. ஃபிளெக்ஸில் பாதிக்கு மேல் அம்மாதான்.

மறு ஓரம்வரை சுருட்டியும் மாமாவின் படம் வரவில்லை.