மணக்கும் வேர்வை

"ஊர்ல வேற இடமே கிடைக்கலையா அவங்களுக்கு? மலை உச்சியில வச்சுத்தான் பொண்ணு பார்க்கணுமா?"

"கத்தாதீங்க. தெருவே வேடிக்கை பார்க்குது."

பார்க்காமல் என்ன செய்யும்? 'மலையேறி' வீட்டில் சண்டை என்றால் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொள்ளும்.

பஸ் டிப்போ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். விடியும்போதே வெள்ளை ஷூ, கைத்தடி, கழுத்தில் துண்டு சகிதம் கிளம்பிவிடுவார். நகரத்தின் நடுவே நிற்கும் குன்று, அதன் உச்சியில் பூங்கா. அந்தப் பக்கம் போய்விட்டு, சட்டை தொப்பலாக நனைந்து திரும்புவார். வழியில் சிக்கியவர்களுக்கு உபதேசம் இலவசம். "உட்கார்ந்தே இருந்தா துருப்பிடிச்சுடுவீங்கய்யா! என்னைப் பாருங்க!"

பார்த்தார்கள். தொப்பை மட்டும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை.

"பையனோட அப்பா, அம்மா ரெண்டு பேரும் தினம் மலைக்குப் போறவங்க" என்றாள் மனைவி, நனைந்த சட்டையை வாங்கிக்கொண்டே. "மலைக்குத் தவறாம வர்ற வீடு, அதான் உங்க பொண்ணைக் கேட்கிறோம்னு அந்தம்மா ஃபோன்ல சொன்னாங்க. பெருமைப்படாம குதிக்கிறீங்களே!"

"உனக்கு முட்டிவலியாச்சே, எப்படி ஏறுவே?"

"மெதுவா வரேன்." சட்டையை வாளியில் போடுமுன் முகர்ந்தாள். "ஊர்ல எல்லார் வேர்வையும் நாறும். உங்க வேர்வை மட்டும் எப்படித்தான் இப்படி மணக்குதோ!"

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் துணிவில்லை. ஏனென்றால், மலையேறி இதுவரை மலை ஏறியதே இல்லை.

அடிவாரத்தில் ஒரு சலூன். சலூன்காரர் பழைய சிநேகிதர். பின்னால் இருக்கும் நாற்காலியில் சாய்ந்து ஒரு தூக்கம். எழுந்ததும், முடி வெட்டும்போது தலையில் அடிப்பார்களே, அந்த ஸ்ப்ரே பாட்டிலால் சட்டை முழுக்கச் 'சர்... சர்...' என்று வாசனைத் தண்ணீர். இதுதான் அவருடைய தேகப்பயிற்சி.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. இதுவும் தட்டினால் காரணம் அப்பாவின் புளுகு என்றாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஏறினார்கள். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. நல்லவேளை, அதே நேரம் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் உட்காரலாங்க." அவருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அவளுக்கு முட்டி வலித்தது. ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிய, அவர் கம்பீரமாக இடப்பக்கம் திரும்பினார்.

"அப்பா, அது கழிப்பறைப்பா" என்றாள் மகள்.

"தெரியும், தெரியும். கை கழுவலாம்னு பார்த்தேன்."

உச்சியில் புல்வெளி, செயற்கை ஊற்று, கீழே தீப்பெட்டிகளாக ஊர். பெஞ்சில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

"வாங்க ஐயா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "தினம் வர்றீங்களாமே! நாங்க உங்களைப் பார்த்ததே இல்லையே?"

"நான்... இன்னும் சீக்கிரம் வந்துடுவேன்."

"பூங்கா கேட்டைத் திறந்ததும் முதல் ஆளா நுழையறதே நாங்கதானே!"

"அது... நான் நேரா ரோஜாத் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கிடுவேன்."

மாப்பிள்ளையின் அம்மா தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"இங்க ரோஜாவே கிடையாதுங்களே" என்றான் மாப்பிள்ளை, சூதுவாது தெரியாமல்.

மலையேறியின் காது மடல்கள் சுட்டன. மகள் தலை நிமிரவே இல்லை. முதல்முறையாக நிஜமாகவே நனைந்த சட்டையிலிருந்து நாற்றம் கிளம்பி அவர் மூக்கிலேயே ஏறியது. கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, அவர் கைகூப்பினார்.

"நான் ஒரு நாளும் இங்க வந்ததில்லைங்க. கீழே சலூன்ல தூங்கிட்டு, சட்டையில தண்ணி அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். மலைக்கு வர்ற வீடுன்னு நம்பி வந்தீங்க. என் புளுகுக்காக என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"நாங்க நம்பி வந்ததுல ஒரு பொய்யும் இல்லையே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா நிதானமாக.

அவர் விழித்தார். அப்போது செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர், குழாயைப் போட்டுவிட்டு நேரே இவர்களிடம் வந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? மேலேருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். தினம் ஒரே மூச்சுல ஏறி வருவீங்க, இன்னைக்கு வளைவுக்கு வளைவு உட்கார்ந்துட்டீங்களே!"

கேட்டது மலையேறியின் மனைவியை.

"முதல் நாளே உங்க பின்னாடி வந்து பார்த்தேங்க" என்றாள் அவள், கணவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரலை. வந்ததுக்கு நானாவது ஏறிடலாமேன்னு ஏறினேன். அப்படியே பழகிடுச்சு. நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன், முட்டிவலியும் அதுலயே போயிடுச்சு."

கல்யாணம் முடிந்து மகள் மாப்பிள்ளையோடு வெளியூர் போய்விட்டாள். இத்தனை ஜன்னல்களை வைத்துக்கொண்டும் அவர் மனைவி தினம் மலைக்குப் போய்வந்ததைக் கோட்டைவிட்ட தெரு, 'மலையேறி' என்ற பெயரைச் சத்தமில்லாமல் அவளுக்கு மாற்றிக்கொடுத்தது.