முள்ளுக்கு யாராவது சொல்லணும்

"அப்பா, மீட்டர் முள்ளு பொய் சொல்லுமா?"

ஆறு வயதில், டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே மகள் கேட்ட கேள்வி அது.

"முள்ளு பாவம்மா. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். சக்கரம் பெருசாயிட்டா, அதை முள்ளுக்கு யாராவது சொல்லணும்" என்றார் அப்பா.

இப்போது அந்த மகள்தான் ஒர்க்‌ஷாப்பில் பாதி. வண்டியின் வேகம் காட்டும் மீட்டர் வேலை அப்பாவுக்கு, டயர் வேலை மகளுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் அவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு பத்து நாள் வீட்டில் கிடந்தபோது, கடையை ஒற்றை ஆளாக ஓட்டியவளும் அவள்தான். 'பொண்ணு டயர் மாட்டுமா?' என்று சிரித்தவர்கள் இப்போதுதான் ஒவ்வொருவராக வண்டியைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். ஸ்பானர்களுக்கு நடுவே அவள் ஒரு ரோஸ் நகப்பூச்சு பாட்டிலும் வைத்திருந்தாள். முறுக்கி முடித்த நட்டில் அதனால் ஒரு பொட்டு. வண்டிக்கு என்ன கல்யாணமா என்று அப்பா கேலி செய்வார். முறுக்கினது எது, முறுக்காதது எது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டாமா என்பாள் அவள்.

அன்று மதியம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. பிள்ளைகள் 'நாற்பது மாமா' என்று கூப்பிடும் டிரைவர் இறங்கினார். பதினெட்டு வருடமாக வேகத்தில் நாற்பதைத் தாண்டாதவர். வந்தவர் முதலில் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாப்பா இல்லையாண்ணே?"

"பார்ட்ஸ் வாங்கப் போயிருக்கா. வர சாயங்காலம் ஆகும்."

"அப்பச் சரி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். நாற்பதுக்கு மேல் போகக் கூடாத சாலையில், அவர் நாற்பத்தாறில் போனதாக இரண்டு முறை போலீஸ் கேமராவில் பதிவாகிவிட்டது. முள் நாற்பதில்தான் நின்றது என்று அவர் சத்தியம் செய்தும் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. நாளைக் காலை பெற்றோர் கூட்டம். வேனை இனி அவர் ஓட்டலாமா, கூடாதா என்று அங்கே முடிவு செய்வார்கள். தவறு எங்கே நடந்தது, யாரால் நடந்தது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

மீட்டர்க்காரரான அப்பா, செல்போனில் வேகம் காட்டும் ஆப்பைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினார். ஒரு கிலோமீட்டர் போய் வந்தார்கள். முள் நாற்பது என்றது. போன் நாற்பத்தாறு என்றது.

"டயரை மாத்துனீங்களா?"

"போன மாசம்ணே. மழைத் தண்ணி உள்ள வருதுன்னு கொஞ்சம் பெருசாப் போடச் சொன்னேன்."

மீட்டர்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய டயர் மாட்டுகிறவன் மீட்டரைத் திருத்தாமல் அனுப்புவானா, பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்றுகூடவா பார்க்கவில்லை, அவன் கையில் ஸ்பானரை எவன் கொடுத்தான் என்று பொரிந்து தள்ளினார். டிரைவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே, அவங்களும் நல்லா இருக்கணும். பெருசாப் போடச் சொன்னது நான்தானே? என் தப்புன்னே எழுதிடுங்க."

"உங்க தப்புன்னு எழுதினா நாளைக்கு வேன் உங்க கையில இருக்காது."

"கடவுள் விட்ட வழி."

மீட்டர்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாக்பீஸை எடுத்தார். டயரிலும் தரையிலும் கோடு போடக் குனிந்தவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. முதுகு பிடித்துக்கொண்டதா என்று டிரைவர் ஓடி வந்தார்.

"வயசாகுதுல்ல" என்று எழுந்தார். அதன்பிறகு அவர் யாரையும் திட்டவில்லை.

வேனை மெல்லத் தள்ளி, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தார்கள். பழைய டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் ஓடும். இது இரண்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் ஓடியது. மீட்டர் கேபிளின் முனையில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி, பல் குறைவான வேறொன்றைப் பொருத்தினார். பிறகு கை கழுவிவிட்டு, கடையின் தாளில் எழுத உட்கார்ந்தார்.

"எந்தக் கடையில மாட்டுனதுன்னு எழுதணுமே" என்றார் மெதுவாக.

டிரைவர் கூரையைப் பார்த்தார். "எங்கேயோ... போற வழியில ஒரு கடை. ஞாபகம் இல்லண்ணே. அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க."

"சரி, விட்டுட்டேன். நீங்க தனியா ஒரு ரவுண்டு போய் முள்ளைப் பார்த்துட்டு வாங்க."

திரும்பி வந்த டிரைவரின் முகமெல்லாம் சிரிப்பு. முள்ளும் போனும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்றாகவே போகிறதாம். மீட்டர்க்காரர் கவரை நீட்டினார்.

"ஒட்டிட்டீங்களே?"

"ஆபீஸுக்குப் போற கடிதம். ஒட்டித்தான் கொடுக்கணும்."

வேன் போனதும், மகள் கண்ணில் படுகிற உயரத்தில் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்: 'டயர் மாற்றினால் மீட்டரும்.' காலியாக விட்ட இடத்தில் டிரைவர் ரவுண்டு போன நேரத்தில் அவர் எழுதியது அவருக்கு மட்டும்தான் தெரியும்: 'டயர் மாட்டியது எங்கள் கடை. மீட்டரைத் திருத்தாதது என் தவறு. டிரைவர் மேல் குற்றமில்லை.'

கோடு போடக் குனிந்தபோதே அவர் பார்த்துவிட்டார்: அந்தச் சக்கரத்தின் ஆறு நட்டிலும் ஆறு ரோஸ் பொட்டு.