வாலண்டியர் சிலுவைராஜ்

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். சிலுவைராஜ் பார்த்தால் கதவைச் சாத்திவிடுவார். தனியாக இருக்கும் முதியவர்களைக் கவனிக்கும் சக்குபள்ளத்துத் தொண்டர் மையத்திலிருந்து வந்தவர்கள் மூக்குக்கு நேராக ஏற்கெனவே சாத்தியிருக்கிறார்.

"உதவியா? எனக்கா? ஏலத்தோட்டத்துல நூறு ஆளை வேலை வாங்குன சூப்பர்வைசருடா நான்! போயி முடியாதவனாப் பாருங்க!"

குளியலறையில் வழுக்கி விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி உட்கார வைத்தது போன மாதம்தான். விஷயம் திருப்பூரில் இருக்கும் மகள் ஜின்சிக்குப் போய்விட்டது.

"அப்பா, தினம் யாராச்சும் வந்து பாத்துக்கிட்டா அங்க இருங்க. இல்லேன்னா ஈஸ்டருக்கு வந்து இங்க கூட்டிட்டு வந்துருவேன்."

"உன் கோழிக்கூண்டுக்கா?"

"ஃபிளாட்டுப்பா அது!"

"கம்பிக்குள்ள நின்னு பஸ்ஸு போறதை எண்ணணும். அதுக்கு நான் இங்கயே மண்ணோட மண்ணாப் போறேன்."

இந்தச் சமயத்தில்தான் மையத்தை நடத்தும் எப்சிபாவே நேரில் வந்தாள். சிலுவைராஜின் கை கதவுக்குப் போனது.

"அய்யா, உதவி செய்ய வரல. உதவி கேட்டு வந்திருக்கேன்."

கை நின்றது.

"மேல, தோட்டத்து ஆளுங்க இருக்குற லயத்து வீட்டுல பெரியமுத்துன்னு ஒருத்தரு. ஏலக்கா ஸ்டோர்ல வேலை பாத்தவரு. சம்சாரம் தவறிட்டாங்க. ஒத்தையில கெடக்காரு. பொறுப்பான ஒரு வாலண்டியர் தினம் போயிப் பாத்தா..."

'பொறுப்பான' என்ற இடத்திலேயே சிலுவைராஜின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

"ஆனா உதவிக்கு வர்றீங்கன்னு அவருக்குத் தெரியவே கூடாதுய்யா. ரோசக்காரரு. சும்மா பேச வந்த மாதிரி இருக்கணும். மஞ்சு எறங்கி வழி மறைஞ்சிட்டா தனியா விடாதீங்க. வாசல் வரைக்கும் கொண்டு விடணும். அது நம்ம மையத்து ரூல்."

"சில பேரு அப்படித்தாம்மா. வீம்பு" என்று பெரியமுத்துவுக்காக வருத்தப்பட்டார் சிலுவைராஜ்.

இங்கே லேசாக வாய் கோணும். அடக்கிக்கொள்ளுங்கள், இது அந்த இடமில்லை.

மறுநாள் காலை அவர் லயத்துக்குப் போனபோது பெரியமுத்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கவே கெளம்பிட்டீரு?"

"சும்மா... ஒரு ஆளைப் பாத்துப் பேசிட்டு வரலாம்னு."

"அதான் ஆளு முன்னால நிக்கேன்லா! உக்காரும்."

உட்கார்ந்தார்கள். பேசினார்கள். சிலுவைராஜ் எழுந்து துடைப்பத்தை எடுத்தார். பெரியமுத்து பாய்ந்து மறுமுனையைப் பிடித்தார்.

"விடுங்க சூப்பர்வைசரே, நீங்க குனியக்கூடாது!"

"நான் குனிஞ்சா உமக்கு என்ன வே? விடும்!"

"நீங்க விடுங்க!"

துடைப்பம் இரண்டாகப் போனது. ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு வாசலைக் கூட்டி முடித்தார்கள்.

ஒரு நாள் சிலுவைராஜ் மீன்குழம்பு கொண்டு போவார். மறுநாள் பெரியமுத்து புட்டோடு இறங்கி வருவார். "சும்மா வாங்கித் தின்னக் கூச்சப்படுதான், பாவம்" என்று மகளிடம் போனில் சொன்னார் சிலுவைராஜ். "என்னைய ஒருத்தன் வந்து பாக்கணும்னியே, இப்ப நான்தான் ஒருத்தனைப் பாத்துக்கிடுதேன்!"

"அப்படியாப்பா? சரிப்பா" என்றாள் ஜின்சி. ஈஸ்டர் பேச்சையே எடுக்கவில்லை.

வம்பு வந்தது மஞ்சு இறங்கிய ஒரு சாயங்காலத்தில். தன் வீட்டுக்கு வந்திருந்த பெரியமுத்துவை ரூல்படி லயத்து வாசல் வரை கொண்டு போய் விட்டார் சிலுவைராஜ். பெரியமுத்து உள்ளே போகாமல் டார்ச்சை அடித்தார்.

"வாங்க சூப்பர்வைசரே, உங்களை விட்டுட்டு வர்றேன்."

இருவரும் கீழே வந்தார்கள். இந்த மஞ்சில் ஒரு முடியாதவனைத் தனியே அனுப்ப முடியுமா? சிலுவைராஜ் மறுபடி மேலே கொண்டு போய் விட்டார். பெரியமுத்து மறுபடி கீழே கொண்டு வந்து விட்டார்.

பாதி வழியில் சாயாக்கடை ஈஸ்வரன் கடையைச் சாத்திக்கொண்டே கேட்டான்: "என்ன அண்ணாச்சி, பஞ்சாயத்துல ரோட்டை அளக்கச் சொல்லிட்டாங்களா?"

கடைசியில் அந்தக் கடை முன்னாலேயே ஒப்பந்தமாகிப் பிரிந்தார்கள். பிரிந்தும், அடுத்தவர் டார்ச் வெளிச்சம் மறையும் வரை இருவரும் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சிலுவைராஜ் எப்சிபாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உன் ஆளுக்கு மறதி முத்திப்போச்சு. வாசல்ல கொண்டு விட்டா உள்ள போவத் தெரியாம என் பின்னாலயே வாரான்!"

அந்தப் பக்கம் பலத்த இருமல்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லய்யா... மஞ்சு."

ஈஸ்டருக்கு முந்தின வாரம். லயத்தில் சிலுவைராஜ் உட்கார்ந்திருக்க, பெரியமுத்து அடுப்படியில் புட்டுக்கு மாவு விரவிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது.

"கையெல்லாம் மாவு. எடுத்து என்னன்னு கேளுங்க சூப்பர்வைசரே!"

சிலுவைராஜ் எடுத்தார். ஹலோ சொல்லக்கூட இடமில்லை.

"பெரியமுத்து அய்யா, எப்சிபா பேசுறேன். நம்ம சிலுவைராஜ் அய்யா எப்படி இருக்காரு? நீங்க தினம் பாத்துக்கிடுறதாலதான் அவங்க மக அவரை இங்கயே விட்டு வச்சிருக்காங்க. ஆமா, வாசல்ல கொண்டு விட்டா உள்ள போகாம உங்க பின்னாலயே வர்றாருன்னீங்களே... அந்த மறதி இப்பத் தேவலையா?"

சிலுவைராஜுக்குக் காது சிவந்தது. காது சிவந்தது.

"போன்ல யாரு?" என்றார் பெரியமுத்து, தேங்காயைத் துருவிக்கொண்டே. "உங்களுக்குப் புட்டுல தேங்காய் தூக்கலாப் போடவா?"

சிலுவைராஜ் 'போடும்' என்று தலையை ஆட்டினார். பிறகு தொண்டையைச் செருமி, அச்சு அசலாகப் பெரியமுத்துவின் குரலில் இழுத்தார்:

"தேவலம்மா... அவருக்கு இப்பத்தான் புத்தி தெளிஞ்சிருக்கு."