‘ரன்’னுக்கு எத்தனை அர்த்தம்?

"‘டேப் இஸ் ரன்னிங்’னா என்ன?"

"ஓ... ஓடுது."

"குழாய்க்குக் காலா இருக்கு, ஓடறதுக்கு? தண்ணி வருதுன்னு சொல்லணும். ‘ஷீ ரன்ஸ் எ ஷாப்’?"

"கடைக்கு... ஓடறா."

"கடை நடத்துறா! இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும்னு எத்தனை தடவை சொல்றது? மறுபடி முதல்லேருந்து!"

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "பாவம், விடுடி. வாய் கோணுது பாரு."

"எட்டாவது படிக்கும்போது நான் அழுதேனே, அப்பா விட்டாரா?"

பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்த ஆங்கில வாத்தியார் கடைவாயைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் மகளின் குரல் இறங்கியது.

"சரி, நாளைக்குப் பார்ப்போம்ப்பா." புத்தகத்தை மூடினாள்.

அவர் இடது கையால் அதைத் திறந்தார்.

"நான்... கிளாஸ்... நடத்தணும். மறுபடி... முதல்லேருந்து!"