பாத்திரம் தேய்க்க வைக்கும் மாத்திரை

"தூக்க மாத்திரைன்னு சொல்லி என் பையனுக்கு என்னத்தைக் குடுத்தீங்க, டாக்டரம்மா?"

பெரியவர் உட்காரவில்லை. மேசையைத் தட்டிக்கொண்டே நின்றார். பக்கத்து நாற்காலியில் அவர் மகன். கல்யாணமான ஆள். ஆனாலும் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு மாட்டிக்கொண்ட பையன் மாதிரித் தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

காலையிலிருந்து சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார் டாக்டர். ஒரு சண்டை வந்து வாசலேறியதில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"என்ன ஆச்சு? தலைசுத்தலா? காலையில மந்தமா இருக்கா?"

"அதுக்கெல்லாம் நான் ஏன்மா கத்தப்போறேன்? முந்தாநாள் ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சேன். சமையக்கட்டுல வெளிச்சம். எட்டிப் பாத்தா, இவன் நின்னு பாத்திரம் தேய்ச்சுட்டு இருக்கான்!"

"தேய்க்கட்டுமே."

"தேய்க்கட்டுமா? எங்க பரம்பரையிலயே ஆம்பளை பாத்திரம் தொட்டதில்லம்மா. குடிச்ச டம்ளரை நகத்தி வெச்சாலே பெரிய விஷயம். 'டேய்'னேன். கையில கரி பிடிச்ச சட்டியோட, கண்ணை மூடிட்டே திரும்பறான். ஒரு வார்த்தை பேசல. நேராப் போய்ப் படுத்துட்டான். காலையில கேட்டா ஞாபகமே இல்லைங்கறான்!"

டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. இந்த மாத்திரை சிலரைத் தூக்கத்திலேயே எழுப்பி நடக்கவிடும், சமைக்கவிடும், வண்டிகூட ஓட்டவிடும். விடிந்ததும் ஒன்றும் நினைவிருக்காது. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

"அடுப்பைப் பத்த வெச்சாரா? வண்டிச் சாவியை எடுத்தாரா?"

"அடுப்பைத் துடைச்சு வெச்சிருக்கான். துணியெல்லாம் மடிச்சிருக்கான், மருமக துணி உட்பட. வெளிய சொன்னா காறித் துப்புவாங்க."

"மருமக என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா, நிம்மதியாத் தூங்கறா! கடையில நாள் பூரா நின்னுட்டு வர்றாளாம், கால் வீங்குதாம். அவதான் இவனுக்கு மாத்திரையை ரெண்டு ரெண்டாக் குடுக்கறாளோன்னு எனக்குச் சந்தேகம்."

"பெரியவரே, இது மானப் பிரச்சினை இல்ல, உயிர்ப் பிரச்சினை. இப்படித் தூக்கத்துல நடந்து மாடியிலேர்ந்து விழுந்தவங்க உண்டு. ஒரு தடவை இப்படி ஆயிட்டா அந்த மாத்திரையை மறுபடி தொடவே கூடாது. இன்னையோட நிறுத்திடறேன்."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மகன் வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"அப்பா, கொஞ்சம் வெளிய இருங்க. டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்."

"பெத்தவனுக்குத் தெரியாம என்னடா ரகசியம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியவர் போனார். கதவு சாத்தியதுதான் தாமதம், மகன் கையைக் கூப்பிவிட்டான்.

"டாக்டர், தயவுசெஞ்சு அதை நிறுத்தாதீங்க."

"உயிர் மேல ஆசை இல்லையா உனக்கு?"

"நான் ஒரு மாத்திரைகூடப் போடலங்க."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"போடலாம்னுதான் வாங்கினேன். நீங்கதான் அன்னைக்குச் சொன்னீங்க, சில பேரு தூக்கத்துலயே எந்திரிச்சு வேலை செய்வாங்க, ஜாக்கிரதைன்னு. அடடா, இவ்வளவு நல்ல வழி இருக்கான்னு நினைச்சேன்."

"அப்போ கண்ணை மூடிட்டு நின்னது?"

"அப்பா கனைச்ச சத்தம் கேட்டதும் மூடிட்டேன். முழிச்சுட்டுத் தேய்ச்சா பொண்டாட்டிதாசன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாரு. மாத்திரையால தேய்ச்சா 'ஐயோ பாவம்'னு விட்டுடுவாரு. வேலை முடிச்சுட்டுப் படுத்தா தூக்கமும் தானா வந்துடுது."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாம? அடிப்பிடிச்சதை எப்படிச் சுரண்டணும்னு சொல்லிக் குடுத்ததே அவதான்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சொந்த வீட்டுச் சட்டியைத் தேய்க்க மருந்துச் சீட்டு கேக்கற முதல் ஆம்பளை நீதான்ப்பா. பொய்க்கெல்லாம் நான் சீட்டு எழுதறதில்ல. அட்டை இங்கயே இருக்கட்டும். கண்ணைத் திறந்துட்டே தேய், கை ஒண்ணும் உதிர்ந்துடாது."

துவைத்துப் பிழிந்த துணி மாதிரி அவன் வெளியே போனான். போன வேகத்தில் பெரியவர் உள்ளே வந்தார். "போய் வண்டியை எடுடா, வர்றேன்" என்று அவனைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்தது மருமகள் பஞ்சாயத்துதான் என்று டாக்டர் தயாரானார்.

"மாத்திரையை நிறுத்தியாச்சு, பெரியவரே. இனிமே உங்க பையன் தூக்கத்துல பாத்திரம் தேய்க்க மாட்டாரு. திருப்திதானே?"

பெரியவர் முதல்முறையாக உட்கார்ந்தார். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"ரொம்பச் சரி. மிச்ச மாத்திரையை என்ன பண்ணப்போறீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எனக்குக் குடுங்களேன்."

"ஏன், உங்களுக்கும் தூக்கம் வரலையா?"

"தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருதும்மா." கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "வீட்டுக்காரிக்கு முட்டி தேஞ்சு போச்சு. குனிஞ்சு பெருக்கிட்டு நிமிர முடியாம சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கறா. எனக்குப் பாக்க முடியல. நானே பெருக்கிடுவேன், ஆனா பையன் பாத்துட்டா என் மானம் என்ன ஆகறது? கையில அந்த அட்டை இருந்தா, தூக்கத்துல பெருக்கிட்டேன்னு சொல்லிக்கலாம் பாருங்க!"