கீழ்க்குரலுக்கு ஆள் தேவை

“வாயைத் திறங்க. பல்லெல்லாம் காட்ட வேண்டாம், சத்தம் வந்தாப் போதும்!”

அந்தத் தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வெள்ளை அங்கி போட்டு வரிசையாக நின்றவர்கள் வாயைத் திறந்தார்கள். ‘சமாதானம்’ என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒருவர் ‘சமா’வைத் தாண்டுவதற்குள் இன்னொருவர் ‘தானம்’ கொடுத்து முடித்துவிட்டார்.

ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. சிரித்தால் விரல் தவறிவிடும்.

வெளியே எங்கோ கண்ணாடி நொறுங்கியது.

ஆற்றுக்கு இக்கரை, அக்கரை என்று ஊர் பிரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போன ஞாயிறுவரை ஒரே கடையில் ரொட்டிக்கு முண்டியடித்தவர்கள் இப்போது கட்டையும் கையுமாக ஒருவரையொருவர் தேடித் திரிந்தார்கள். தேவாலயமோ பாலத்தை ஒட்டி, இரண்டு கரைக்கும் பொதுவாக மாட்டிக்கொண்டு நின்றது.

பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிப் பார்த்தார். பயந்த சுபாவம். வாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது மட்டும்தான் அவருக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது.

“வர்றவங்களுக்குத் திறக்கலேன்னா அப்புறம் எதுக்குங்க அது கோயிலு?” என்று மனைவி சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். அந்தப் பைக்குள் போனது எதுவும் அவ்வளவு சுலபத்தில் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

திடீரென்று ஒரு குண்டு மனிதர் உள்ளே ஓடி வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு.

“ஐயா, வர்றாங்க! நான் அக்கரைக்காரன்யா!”

மனைவி வாசிப்பை நிறுத்தாமலே, ஆணியில் தொங்கிய அங்கிகளை முகவாயால் காட்டினாள். டாக்டர் ஒன்றை எடுத்து அவர் தலைவழியாகத் திணித்தார். அது தொப்பையோடு தகராறு செய்துவிட்டு முழங்காலோடு நின்றுவிட்டது.

“மேல்குரலா, கீழ்க்குரலா?”

“லாரி ஓட்டுறவன்யா நான். ஹாரன்தான் தெரியும்.”

“அப்ப கீழ்க்குரல். போய் நில்லுங்க.”

அவர் வரிசையில் செருகிக்கொள்ளவும், ஏழெட்டுப் பேர் கட்டைகளோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. முன்னால் வந்தவனின் கன்னம் பூரித்திருந்தது. சந்தோஷத்தில் அல்ல, கடைவாய்ப் பல். டாக்டர் பாதி அடைத்து, மீதிக்கு வரச் சொல்லியிருந்த பல்.

“டாக்டர், ஒருத்தன் இந்தப் பக்கம் ஓடி வந்தானே, பாத்தீங்களா?”

டாக்டர் பலிபீடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆண்டவர் சந்நிதியில் நின்று பொய் சொல்வதா? உண்மையைச் சொல்லி ஓர் உயிரைக் காவு கொடுப்பதா? ‘கர்த்தாவே, நீரே எதையாவது சொல்லும்’ என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

கர்த்தர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. மனைவிதான் பாட்டை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

டாக்டர் படாரென்று குழுவின் பக்கம் திரும்பினார்.

“கீழ்க்குரல்! என்ன ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கீங்க? வாயை நல்லாத் திறங்க!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. லாரிக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

கட்டையோடு நின்றவனும் திறந்தான். டாக்டர் சொன்னால் திறந்து பழகிய வாய்.

டாக்டரும் பழக்கதோஷத்தில் அவன் பக்கம் திரும்பி, குனிந்து உள்ளே பார்த்தார். அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை.

“அடைச்சதெல்லாம் விழுந்திருக்கு! பல்லைக் கடிக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஊர்ல உள்ளவன் மேல உள்ள கோவத்தையெல்லாம் பல்லு மேலயே காட்டினா அது என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு வா. அந்தக் கட்டையை வீட்ல வச்சுட்டு வா.”

“ஹரி ஹாஹர்” என்றான் அவன், வாயை மூடாமலே.

கூட வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். இதற்குள் குழு ‘சமாதான’த்தை மறுபடியும் பிய்க்கத் தொடங்கியிருந்தது. ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான்.

“இதைக் கேட்டும் ஒருத்தன் உள்ள இருப்பானா? வாங்கடா, வேற பக்கம் தேடலாம்.”

காலடிச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டி ஓயும்வரை மனைவி வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியதும் லாரிக்காரர் பொத்தென்று படியில் உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“முன்னப்பின்ன தெரியாத எனக்காக இப்படி உயிரைக் குடுத்துப் பாடினீங்களே. எத்தனை வருஷமாண்ணே இங்க பாடுறீங்க?”

வழுக்கைத் தலைக்காரர் அங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மத்தியானத்துலேருந்து. நானும் அக்கரைதான். அசல் பாடகருங்க ஒருத்தருமே இன்னைக்கு வீட்டைவிட்டு வெளிய வரலையாம். இங்க நிக்கிறது பூரா நம்மள மாதிரி ஓடி வந்தவங்கதான்.”

“உங்கள யாருண்ணே தொரத்துனது?”

அவர் தனக்கு அந்தப் பக்கம் நின்ற ஒல்லி ஆளைக் காட்டினார்.

ஒல்லி ஆள் சட்டென்று தலையைக் குனிந்து, அங்கியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“இவரு இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்ததும், உங்க கரை ஆளுங்க என்னைத் தொரத்திட்டாங்கண்ணே.”